முள்ளுக்கரண்டி பிடிக்கப் பழக்கினது போதும்

எங்கட பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகு என்று ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருக்கும். உள்ளே போனால் ஒரு மேசை, ஒரு கணினி, போன வருடத் தொழிற்சந்தையின் பதாகை. பொறுப்பாக இருப்பவர் அநேகமாக ஒரு விரிவுரையாளர். தன்ர பாடம், விடைத்தாள், பீடக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மேலே இதையும் தலையில் சுமக்கிறவர். அவரைத் திட்டுவதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. அந்த அலகு எந்தப் பிள்ளையை மனதில் வைத்து நடத்தப்படுகிறது என்பதோடுதான் எங்களுக்குச் சண்டை.

அங்கே என்ன நடக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 'சீவி எழுதுவது எப்படி' என்று ஒரு பட்டறை. 'நேர்முகப் பரீட்சைக்கு முகம் கொடுப்பது எப்படி' என்று இன்னொன்று. லிங்க்டின் கணக்குத் திறப்பது. டை கட்டுவது. சில பல்கலைக்கழகங்களில் இறுதி வருடப் பிள்ளைகளை ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், எந்தக் கையில் கத்தி, எந்தக் கையில் முள்ளுக்கரண்டி, நப்கினை மடியில் எப்படி விரிப்பது என்று பழக்குகிறார்கள். படமெடுத்து முகநூலிலும் போடுகிறார்கள். நாங்கள் அந்தப் படங்களைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் இருக்கிற பிள்ளைகள் கையால் குழைத்துச் சாப்பிட்டு, குப்பி விளக்கில் படித்து, ஏஎல் பாஸ் பண்ணி, நாலு வருடம் கம்பஸில் கிடந்து வந்தவர்கள். இவர்களுக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் முள்ளுக்கரண்டி என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தார்?

இந்தப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குறை பிள்ளையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை. அவளுக்கு 'சொஃப்ட் ஸ்கில்ஸ்' இல்லை, அவனுக்கு 'கொன்ஃபிடன்ஸ்' இல்லை, கலைப்பீடத்துக்காரருக்கு 'அட்டிடியூட்' சரியில்லை. திருத்தவேண்டியது பிள்ளையை மட்டும்தான். பிள்ளை போய் மோதுகிற கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். இந்த நாட்டில் பல்கலைக்கழக அனுமதி எப்படி நடக்கிறது? கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியதென்று அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு இன்னும் கொதி வரும். 1970களின் தொடக்கத்தில் மொழியை வைத்துச் செய்த தரப்படுத்தல் அநியாயம்தான், அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மாவட்ட ஒதுக்கீடு என்பதை அதே வாயால் திட்டுவது யாழ்ப்பாண நகரத்துப் பழக்கம். மல்லாவியில் இருந்தும் மடுவில் இருந்தும் ஒரு பிள்ளை பொறியியல் பீடத்துக்குப் போனதென்றால் அந்த ஒதுக்கீட்டுக்கும் அதில் பங்குண்டு. (மலையகத்துக்குரிய இடங்களை வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்து பரீட்சை எழுதி எடுத்துக்கொள்வது தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதுவோம்.)

ஆக, வாசலில் நிற்கும்போது அரசு ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறது. இரசாயன ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளையின் புள்ளியும், கொழும்பு 7இல் படித்த பிள்ளையின் புள்ளியும் ஒரே தராசில் போடக்கூடியவை இல்லை என்ற உண்மை. நல்லது. ஆனால் நாலு வருடம் கழித்து அதே பிள்ளை வெளியே போகும்போது அந்த உண்மையை எல்லாரும் மறந்துபோகிறார்கள். பட்டம் கையில் வந்ததும் எல்லாரும் சமமாம். இனி எல்லாருக்கும் ஒரே பட்டறை, ஒரே பதாகை, ஒரே முள்ளுக்கரண்டி.

சமமில்லை. எங்கே சமமில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விளங்கும்.

சீவியில் கடைசியில் இரண்டு பேருடைய பெயர் கேட்பார்கள், உறவினர் அல்லாத, உங்களை அறிந்த, நல்ல பதவியில் இருக்கிற இருவர். கொழும்பில் பெரிய பாடசாலையில் படித்தவனுக்கு அது பத்து நிமிட வேலை. அப்பாவின் நண்பர் ஒருவர், பழைய மாணவர் சங்கத்து அங்கிள் ஒருவர். அந்த அங்கிளே சிலவேளை நேர்முகம் செய்கிற மேசையிலும் இருப்பார். எங்கட நண்பி ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். அவளுக்குத் தெரிந்த 'பதவியில் இருக்கிற' ஆட்கள் பாடசாலை அதிபரும் தோட்டத்துரையும். துரையிடம் போய்க் கையெழுத்துக் கேட்க அவளுடைய அம்மாவுக்கே மனமில்லை. எப்படி மனம் வரும்? தலைமுறையாக வாசலில் நின்று பேசின இடம் அது. சீவிப் பட்டறையில் இதைப்பற்றி ஒரு சொல்? 'ரெஃபரீஸ் இரண்டு பேர் போடுங்கள்' என்று ஸ்லைடில் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது முகவரி. இது பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். தோட்டத்து லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், ஊர். கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்து கொடுத்தால் கையில் கிடைக்கும். நேர்முகப் பரீட்சை முடிந்தபிறகு அழைப்புக் கடிதம் வந்த கதை மலையகத்தில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தவர்கள் கேட்டது காணியும் வீடும் மட்டுமில்லை, ஒரு முகவரியும்தான் என்று நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். பட்டதாரிக்கு முகவரி இல்லாத ஒரு நாட்டில் 'உங்கள் பேர்சனல் பிராண்டை வளர்ப்பது எப்படி' என்று வகுப்பு எடுக்கிறார்கள். சிரிக்கிறதா அழுகிறதா?

பிறகு காசு. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. 'மூன்று மாதம் சும்மா செய்யுங்கோ, அனுபவம் கிடைக்கும், பிறகு எடுப்பம்.' வெள்ளவத்தையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளைக்கு அது உண்மையில் ஒரு வாய்ப்புத்தான். காலையில் அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலோடு போய்விட்டு வரலாம். வவுனியாவில் இருந்தோ வாகரையில் இருந்தோ வருகிற பிள்ளைக்கு முதலில் ஒரு அறை வேண்டும், அதற்கு முற்பணம் வேண்டும், மூன்று வேளை கடைச் சாப்பாடு வேண்டும், பஸ் காசு வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் 5000 ரூபாவில் இருந்து 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ஆனது. அதுவும் ஒழுங்காக மாதம் மாதம் வந்துவிடாது. இந்தக் காசில் கொழும்பில் அறை எடுத்து, சாப்பிட்டு, சப்பாத்து வாங்கி, சும்மா வேலை செய் என்றால் எப்படி?

கணக்குப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் பெரும் போராட்டத்துக்குப் பிறகு 1000 ரூபா ஆகி, 2024இல் 1350 ஆனது. அந்த 1350 கணக்கில் மாதம் 25 நாள் முழுப்பேர் கிடைத்தாலும் 33,750 ரூபா. அதில் சேமலாப நிதி கழியும், கடை நிலுவை கழியும். அந்தச் சம்பளத்தில் வீட்டில் மிச்சம் நாலு பேர் சாப்பிட, ஒரு கொம்பனிக்கு மூன்று மாதம் இலவசமாக ஒரு பட்டதாரியையும் வழங்கவேண்டும். இலவசக் கல்வி என்பது கன்னங்கராவின் காலத்தில் இருந்து இந்த நாடு பெருமையாகச் சொல்கிற விசயம். நாங்களும் அதில் படித்தவர்கள்தான், நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த இலவசம் பட்டச் சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஏழைப் பிள்ளை கொம்பனிக்கு இலவசமாகிறாள்.

'ஏன், பொறியியல் பீடத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கிறதுதானே' என்று கேட்பீர்கள். ஓம், இருக்கிறது. நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். எங்கே நிறுவனம் பொறுப்பெடுத்துப் பயிற்சியைப் பாடத்துக்குள் கொண்டுவருகிறதோ, அங்கே கிளிநொச்சியில் இருந்தாலும் பிள்ளைக்கு ஒரு படி கிடைக்கிறது. எங்கே 'நீயே தேடிக்கொள்' என்று விடுகிறார்களோ அங்கே மாமா இருக்கிறவன் தேடிக்கொள்கிறான். கலைப்பீடம் பெரும்பாலும் இரண்டாவது வகை. கலைப்பீடத்தில் படிப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள், அதிலும் கிராமத்துப் பெண்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'எங்கட பொம்பிளைப் பிள்ளையள் கொழும்புக்குப் போக விருப்பமில்லை, ரீச்சர் வேலைதான் கேக்கினம்' என்று சொல்கிற சேர்மாருக்கு ஒரு கேள்வி. போனால் எங்கே தங்குவது என்று ஒரு நாளாவது விசாரித்துச் சொன்னீர்களா? பாதுகாப்பான விடுதி ஒன்றின் தொலைபேசி இலக்கம் உங்கள் அலகின் சுவரில் ஒட்டியிருக்கிறதா?

மொழி பற்றிப் பேசாமல் இதை முடிக்க ஏலாது. முதலாம் வருடத்தில் சில கிழமைகள் ஆங்கிலத் தீவிர வகுப்பு. பிறகு தமிழ் மொழிமூலத்தில் படிப்பு. நாலாம் வருடத்தில் திடீரென்று ஒரு நாள் 'இங்கிலிஷில் உங்களை அறிமுகப்படுத்துங்கள்'. ஆங்கிலம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற அரசியல்வாதிகளின் பிள்ளைகள் எல்லாம் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எங்கட கோபம், ஆங்கிலத்தை நாலு வருடம் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் அதைப் பிள்ளையின் குணக்குறை மாதிரிப் பேசுவதில்.

தெற்கில் இருக்கிற பல்கலைக்கழகங்களில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னொரு மாதிரி. அங்கே வழிகாட்டல் கருத்தரங்கு ஆங்கிலத்தில் தொடங்கும், பத்து நிமிடத்தில் சிங்களத்துக்குப் போகும், பகிடி எல்லாம் சிங்களத்தில்தான். மண்டபம் சிரிக்கும், பின் வரிசையில் ஐந்தாறு பேர் பேசாமல் இருப்பார்கள். அந்த ஐந்தாறு பேரைப் பற்றித்தான் பிறகு 'இவர்கள் கலந்துகொள்வதில்லை' என்று அறிக்கையில் எழுதுவது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. 'தமிழில் ஒரு ஆலோசகர் இருக்கிறாரா' என்று ஒரு பிள்ளை கேட்டால் அது சலுகை கேட்பதாகாது.

இதைத் தமிழர் பிரச்சினையாக மட்டும் சுருக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. மொனராகலையில் இருந்தும் அம்பாந்தோட்டையில் இருந்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படிக்கிற சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாவும் கமக்காரன்தான், அவர்களுக்கும் கொழும்பில் அங்கிள் இல்லை. இதே ரெஃபரி, இதே அறை வாடகை, இதே ஆங்கிலம். எங்கட ஊருக்குள்ளும் எல்லாரும் ஒன்றில்லை. நல்லூரில் இருந்து வருகிற டொக்டரின் மகனையும், சாதியின் பெயரால் ஊர்க் கிணற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளையையும் 'வடக்கு மாணவர்' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் உதவி யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் கால் இழந்த ஒருவர் இருக்கிறார் என்றால், அரச சேவையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் ஒதுக்கச் சொல்லி 1988இலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது என்பதை அவருக்கு யார் சொன்னது? வழிகாட்டல் அலகு மாடியில் இருந்தால் அவர் ஏறிப் போய்க் கேட்கவும் வழியில்லை.

இப்போது மறுபக்க வாதத்துக்கு வருவோம், ஏனென்றால் அதை எங்கட ஆட்களே அதிகம் சொல்கிறார்கள். 'இவையள் எல்லாரும் அரசாங்க உத்தியோகம்தான் கேக்கினம். றோட்டில இருந்து கத்தினா வேலை வருமோ?' 2017இல் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். 2020இல் 20,000 ரூபா கொடுப்பனவோடு பட்டதாரிப் பயிலுனர்களை எடுத்தபோதும், மேசை கதிரை இல்லாமல் பிரதேச செயலகங்களில் அவர்கள் நின்றபோதும் இதே பகிடிதான். 2022 நெருக்கடிக்குப் பிறகு அரசாங்கம் ஆட்சேர்ப்பைச் சுருக்கிவிட்டது, இப்போது 'தனியார் துறைக்குப் போங்கோ' என்கிறார்கள்.

சரி, போகிறோம். வழியைக் காட்டுங்கள். அரச உத்தியோகத்தை இந்தப் பிள்ளைகள் ஏன் கேட்கிறார்கள்? சோம்பலாலா? அரச வேலைக்குப் போட்டிப் பரீட்சை இருக்கிறது, வர்த்தமானியில் அறிவித்தல் வருகிறது, தமிழில் வினாத்தாள் வருகிறது, புள்ளி எடுத்தால் பெயர் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அரசியல்வாதியின் கடிதம் தேவைப்பட்ட காலமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். தனியார் துறையில் வெற்றிடம் விளம்பரத்தில் வரமுதலே தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கதவு எங்கே என்றே தெரியாத கட்டிடத்துக்கு முன்னால் நின்று, உள்ளே வர விருப்பமில்லாத ஆள் என்று பெயர் வாங்குகிறோம்.

இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள், இவர்கள் நல்ல மனம் உள்ளவர்கள். 'கொழுந்து பறிக்கும் தாயின் மகள் மருத்துவபீடம் தெரிவு' என்று பெறுபேறு வந்த கிழமையில் பத்திரிகையில் வரும். பொன்னாடை போர்ப்பார்கள், லப்டொப் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். எங்களுக்கும் அந்தச் செய்தியைப் பார்க்க நெஞ்சு நிறையும். ஆனால் அதே தோட்டத்தில் இருந்து கலைப்பீடத்துக்குப் போன பிள்ளையின் நாலாம் வருடத்தைப் பற்றி ஒரு வரி எங்கேயும் வருவதில்லை. பட்டத்தை முடித்துவிட்டு அவள் நகரத்தில் புடவைக்கடையில் பில் போடுகிறாள் என்றால் அது செய்தியாகாது. கடையில் வேலை செய்வது கேவலம் என்றில்லை. நாலு வருடம் அரசும் குடும்பமும் செலவழித்த ஒரு படிப்பை, ஒரு பஸ் காசும் ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லாததால் வீணாக்கிவிட்டோமே என்பதுதான் கேவலம்.

பஸ் காசு என்றது உவமைக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். காலை ஒன்பது மணி நேர்முகத்துக்கு இரவு பஸ் ஏறி, புறக்கோட்டையில் விடியப்புறம் இறங்கி, பொதுக் கழிவறையில் முகம் கழுவி, சேர்ட்டை மாற்றி, நித்திரையில்லாத கண்ணோடு போய் இருக்கவேண்டும். பக்கத்துக் கதிரையில் இருப்பவன் பம்பலப்பிட்டியில் இருந்து முச்சக்கரவண்டியில் வந்திருப்பான். பிறகு இருவரில் யாருக்குக் 'கொன்ஃபிடன்ஸ்' கூட என்று மதிப்பெண் போடுவார்கள்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிய கனவு ஒன்றும் இல்லை. நேர்முகத்துக்குப் போகிற வறிய மாணவருக்குப் போக்குவரத்துக் காசும் ஒரு இரவு தங்குமிடமும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை எந்தப் பல்கலைக்கழகமும் தன்ர அறிவித்தல் பலகையில் ஒட்டக்கூடாது. தொழிற்சந்தைக்கு வந்து கடை விரிக்கிற கொம்பனி, எத்தனை பேரை எடுத்தது, எந்த மாவட்டத்தில் இருந்து எடுத்தது என்று அடுத்த வருடம் வந்து சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் மேசை இல்லை. வழிகாட்டல் அலகுக்கு முழுநேர ஆட்கள், அதில் தமிழில் பேசக்கூடியவர்கள். ரெஃபரி இல்லாத பிள்ளைக்கு விரிவுரையாளர் ஒருவர் ரெஃபரியாக நிற்பது அவருடைய கடமைப் பட்டியலிலேயே இருக்கவேண்டும். இதெல்லாம் நாலாம் வருடத்தில் தொடங்குகிற வேலை இல்லை. முதலாம் வருடம் பதிவு செய்யும்போது அப்பாவின் தொழில், வருமானம், கிராம அலுவலர் சான்றிதழ் எல்லாம் வாங்குகிறார்கள்தானே, மகாபொலவுக்கும் பர்சரிக்கும். அந்தக் கோப்பை நாலாம் வருடத்தில் ஒருக்கால் திறந்து பார்த்தாலே யாருக்கு முதலில் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று தெரிந்துவிடும்.

இது எங்கட கற்பனையில் மட்டும் உள்ள விசயமும் இல்லை. இங்கிலாந்தில் உயர்ந்த கட்டணம் அறவிட விரும்புகிற பல்கலைக்கழகங்கள், பின்தங்கிய பின்னணியில் இருந்து வரும் மாணவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று ஒரு திட்டத்தை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்துக்குக் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். அதில் உள்ளே எடுப்பது மட்டுமில்லை, படித்து முடித்தபிறகு அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் கணக்கில் வரும். அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நாங்கள் நம்பவில்லை, அந்தக் கட்டணமே ஒரு கொள்ளை. இருந்தாலும் வெளியேறும் வாசலிலும் ஆள் நின்று எண்ணவேண்டும் என்ற ஒரு விதியை அவர்களிடம் இருந்து எடுக்கலாம்.

மாணவர் ஒன்றியங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். விடுதிக்கும் கன்டீனுக்கும் மகாபொலத் தாமதத்துக்கும் நீங்கள் போராடுகிறீர்கள், நாங்களும் கூட நிற்கிறோம். இறுதி வருடப் பிள்ளையின் அடுத்த ஆறு மாதத்தை ஏன் இதுவரை ஒரு கோரிக்கையாகவும் எழுதவில்லை? பட்டமளிப்பு விழா முடிந்ததும் அவள் உங்கள் அங்கத்தவர் இல்லை என்பதாலா?

அடுத்த தவணையும் சீவிப் பட்டறைக்குச் சுவரொட்டி ஒட்டுவார்கள். போங்கள். முன் வரிசையில் இருங்கள். கேள்வி நேரம் வந்ததும் தமிழிலேயே எழும்பிக் கேளுங்கள்: நேர்முகத்துக்குப் போகிற பஸ் காசை யார் தருவார்கள்? இந்தப் பதாகையில் பெயர் போட்டிருக்கிற கொம்பனிகள் போன வருடம் எங்கட மாவட்டத்தில் இருந்து எத்தனை பேரை எடுத்தன? எனக்கு ரெஃபரியாக இந்த மண்டபத்தில் இருக்கிற யார் கையெழுத்து வைப்பார்கள்?